மணிலா வாத்து வளர்க்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஆடிச் சாரல் இன்னும் விடவில்லை, விளையில் கால் வைக்க முடியாத அளவுக்குச் சேறு. போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் பிள்ளை அழுதுவிடுகிறான், நீயும் வைத்துவிட்டு ஓடுகிறாய். அதனால்தான் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

இருட்டினதும் மூன்று பெட்டைகளும் பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஏறிக்கொள்கின்றன, முட்டை ஒன்றுகூடக் கைக்குக் கிடைப்பதில்லை, பேசாமல் கூண்டிலேயே போட்டு அடைத்துவிடலாமா என்று கேட்டாய். அடைக்காதே மக்களே. அது அடங்காத குணம் இல்லை, பிறவிக் குணம். வயலில் கூட்டமாக மேய்கிற நாட்டு வாத்து வேறு, இந்த மணிலா வாத்து வேறு. இதன் பூர்வீகம் மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவும். அங்கே ஆற்றோர மரக்கிளையில் தூங்கி, மரப்பொந்தில் முட்டையிட்டு வாழ்கிற இனம். பெட்டையைப் பிடித்துக் காலைத் திருப்பிப் பார், விரல் நுனியில் வளைந்த கூர் நகம் இருக்கும். கிளையைப் பற்றுவதற்குத்தான் அது. இதற்கு உயரமும் வேண்டும், மறைவும் வேண்டும். இரண்டையும் உன் கொட்டகைக்குள்ளேயே கொடுத்துவிட்டால் கூரைக்குப் போகிற அவசியம் பெரும்பாலும் இருக்காது.

கொட்டகைக்குள் இரண்டடி உயரத்தில் ஒரு பலகையைப் போடச் சொல். குச்சி, கம்பி எல்லாம் வேண்டாம், கால் முழுசாகப் பதிகிற மாதிரி நான்கு அங்குல அகலமாவது இருக்கட்டும். அதைவிட உயரமாகப் போடாதே. நல்ல ஆண் வாத்து நான்கைந்து கிலோவுக்கு மேல் போகும், பெட்டை அதில் பாதிதான். அவ்வளவு எடையோடு காலையில் சிமென்ட் தரையில் தொப்பென்று குதித்தால் பாதம் வீங்கிப் புண்ணாகிவிடும். அடியில் மணலோ வைக்கோலோ தாராளமாகப் போடு. ஆண் ஏறாமல் தரையிலேயே படுத்தால் விட்டுவிடு, அது அப்படித்தான்.

சாயங்கால இரையைக் கொட்டகைக்குள் மட்டும் வை. வெளியே ஒரு மணிகூடப் போடாதே. இரைக்கு உள்ளே வந்ததும் கதவைச் சாத்து. இப்படிப் பத்து நாள் போனால் அதுவே தன் இடம் என்று பழகிவிடும். அதற்கும் அடங்காமல் ஒன்று பறந்தால் ஒரு பக்கச் சிறகை மட்டும் நறுக்கு. இரண்டு பக்கமும் நறுக்கினால் சமமாகிவிடும், தட்டுத் தடுமாறியாவது பறக்கப் பார்க்கும். சிறகை விரித்தால் நுனியில் நீளமான பத்து இறகுகள் தெரியும். அவற்றில் ஐந்தாறை, மேலே மூடியிருக்கிற சிறிய இறகு வரிசைக்குக் கீழே வைத்து வெட்டு. தண்டு நீலமாக, ரத்தம் ஓடுகிற மாதிரி இருந்தால் அது வளர்கிற இறகு, அதைத் தொடாதே. பிடிக்கும்போது பழைய துண்டால் உடம்போடு சேர்த்துச் சுற்றிக்கொள். அந்த நகம் கையில் இழுத்தால் ரத்தம்தான். இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும்போது திரும்பவும் பறக்கும், அப்போது மறுபடி வெட்ட வேண்டியிருக்கும்.

இனி முட்டை. பெரும்பாலும் காலையிலேயே இட்டுவிடும். அதனால் ஒன்பது, பத்து மணி வரை திறந்துவிடாதே. கொட்டகையின் இருட்டான மூலையில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி மரப்பெட்டி வை, பெட்டைக்கு ஒன்று வீதம் மூன்று. வாசல் சின்னதாக, உள்ளே வைக்கோல். பெட்டி குறைந்தால் இரண்டு பெட்டைகள் ஒரே இடத்தில் நெருக்கியடித்து முட்டையை உடைத்துவிடும். இப்போது எங்கேயோ ஒளித்து இடுகிறதே, அதைக் கண்டுபிடிக்கப் பின்னாலேயே போகாதே. நீ பார்க்கிறாய் என்று தெரிந்தால் வேண்டுமென்றே வேறு பக்கம் போய் மேயும். ஜன்னலுக்குள் இருந்து பார். விறகு அடுக்கு, வாழைச் சருகு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்று ஏதோ ஒரு மறைவுதான். கிடைத்ததும் எல்லா முட்டையையும் அள்ளிவிடாதே, அந்த இடத்தையே கைவிட்டுப் புது மறைவு தேடும். இரண்டைப் பென்சிலால் கோடு போட்டு விட்டுவிட்டு மீதியை மட்டும் எடு.

அப்படி எடுத்துக்கொண்டே இருந்தால் நிறைய இடும். விட்டுவிட்டால் பத்து, பதினைந்து சேர்ந்ததும் அடைக்கு உட்காரும். உட்காரப் போகிற பெட்டையைப் பார்த்தாலே தெரியும். நெஞ்சிலிருந்து மெல்லிய தூவியைப் பிடுங்கிக் கூடு முழுக்கப் பரப்பும், கிட்டே போனால் உடம்பை உப்பிக்கொண்டு சீறும். மூன்றும் ஒரே சமயத்தில் உட்கார வேண்டாம். ஒன்று உட்காரட்டும், மற்ற இரண்டின் முட்டை பிள்ளைக்கு ஆகட்டும்.

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கோழிக்கு 21 நாள், நாட்டு வாத்துக்கு 28 நாள், இதற்கு 35 நாள். நம் தெருவில் ஒரு வீட்டில் 28 நாள் கழிந்ததும் கூமுட்டை என்று எல்லாவற்றையும் குப்பையில் எறிந்தார்கள். உடைந்ததில் ஒரு குஞ்சு அசைந்ததை நான் பார்த்தேன். இன்றைக்கும் மனசு ஆறவில்லை. கணக்கு சுலபம். சனிக்கிழமை உட்கார்ந்தால் ஐந்து வாரம் கழித்து அதே சனிக்கிழமை. காலண்டரில் வட்டம் போட்டு வை. அடை வைத்த முட்டை எல்லாவற்றிலும் சுற்றிக் கோடு போடு. மற்றப் பெட்டைகள் நடுவில் வந்து இட்டுவிட்டுப் போகும், கோடு இல்லாததைத் தினமும் எடுத்துவிடலாம். பத்தாவது நாள் இரவில் டார்ச் அடித்துப் பார். உள்ளே சிவப்பு நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது. ஒன்றுமே தெரியாமல் வெறுமையாக இருப்பதை எடுத்துவிடு.

தாய் நாளுக்கு ஒரு தடவை எழுந்து வரும். தூவியை இழுத்து முட்டையை மூடிவிட்டுத்தான் வரும். வந்ததும் நாற்றம் குடலைப் புரட்டுகிற மாதிரி ஒரு பெரிய எச்சம் போடும், பயப்படாதே, நோய் இல்லை. அவசர அவசரமாகத் தின்று, தண்ணீரில் முங்கி, ஈர வயிற்றோடேயே போய் உட்காரும். அந்த ஈரம் முட்டைக்கு நல்லது, துடைத்துவிடுகிறேன் என்று ஓடாதே. அது இறங்குகிற நேரத்தில் இரையும் தண்ணீரும் பக்கத்தில் இருக்க வேண்டும். இரவில் கதவு இடுக்கு இல்லாமல் மூடு. இங்கே கீரியும் மரநாயும், அங்கே தெருநாயும் பூனையும். சுற்றிலும் சிறு கண்ணிக் கம்பிவலை அடித்துவிட்டால் எலிக்கும் சேர்த்து ஆயிற்று.

முட்டையில் ஓட்டை விழுந்து குஞ்சு வெளியே வர ஒரு நாளுக்கு மேலும் ஆகும். முட்டையோட்டை நீ உரித்து உதவாதே. வந்ததும் ஆழமில்லாத தட்டில் தண்ணீர், நடுவே கூழாங்கல். வேகவைத்த நொய், பொடியாக அரிந்த முருங்கைக்கீரை கொடு. கடலைப் புண்ணாக்கில் துளி பூஞ்சை வாடை வந்தாலும் தூக்கிப் போடு, அந்த விஷத்தை வாத்து தாங்கவே தாங்காது.

பெட்டை என்றைக்கு அடைக்கு உட்காருகிறதோ அன்றைக்கே எனக்குச் சொல். நாகர்கோவிலில் இருந்து கோயம்புத்தூருக்கு ராத்திரி ரயிலில் டிக்கெட் போட்டு, குஞ்சு பொரிக்க இரண்டு நாள் முன்னால் வந்துவிடுகிறேன். அப்பாவும் வருவதாகச் சொல்கிறார், தென்னைக்கு உரம் வைக்கிற வேலை அதற்குள் முடிய வேண்டும். பலகை அடிக்க ஆணி இங்கிருந்து கொண்டு வரட்டுமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல்.

அன்புடன்,
அம்மா