ஐந்தாம் எண் சட்டைக்காரரைப் பற்றி மகனுக்கு

சென்னை
26 அக்டோபர் 2025

அன்புள்ள கதிருக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். தீபாவளிக்கு முந்தைய நாள் இரவு பதினோரு மணிக்கு நீ அழைத்தபோது, தெருவில் வெடித்துக்கொண்டிருந்த சரவெடிச் சத்தத்தில் நீ பேசியதில் பாதி என் காதில் விழவில்லை. ஆனாலும் நானும் அதே ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன் என்பதால், உன் குரல் ஏன் அப்படித் தழுதழுத்தது என்று எனக்குத் தெரியும். லிவர்பூல் கால்பந்து அணியின் மைதானமான ஆன்ஃபீல்டில் 84ஆவது நிமிடத்தில் புரூனோ பெர்னாண்டஸ் தூக்கிக் கொடுத்த பந்தை, தடுப்பாட்டக்காரர் ஹாரி மகுவையர் தலையால் முட்டி வலைக்குள் சேர்த்தார். 2016 ஜனவரிக்குப் பிறகு அந்த மைதானத்தில் உன் அணியான மான்செஸ்டர் யுனைடெட் வென்றது அன்றைக்குத்தான். "அவர் நம்ம ஆள் அப்பா, நம்ம ஆள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய்.

அந்தச் சொல் ஒரு வாரமாக என் மனத்தை விட்டுப் போகவில்லை. மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பு, 2022ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், நீ மைதானத்திலிருந்து எனக்கு ஒரு வீடியோ அனுப்பினாய். நீயும் உன் நண்பர்களும் இதே மனிதரைப் பார்த்துக் கத்திய சொற்கள் அதில் பதிவாகியிருந்தன. அவற்றை நான் இங்கே எழுத மாட்டேன். உன் அம்மா பக்கத்தில் இருந்ததால் சத்தத்தை நிறுத்திவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அன்று உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தோல்வியில் நொந்திருக்கும் பிள்ளைக்கு உபதேசம் செய்ய வேண்டாம் என்று நினைத்தேன்; அது என் தவறு. இப்போது நீ மகிழ்ச்சியாக இருக்கிறாய், காது கொடுத்துக் கேட்பாய் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உன் கோபம் பொய்யான கோபம் அல்ல. 2019 ஆகஸ்டில் லெஸ்டர் சிட்டியிலிருந்து 8 கோடி பவுண்டு கொடுத்து அவரை வாங்கினார்கள். உலகத்தில் எந்தத் தடுப்பாட்டக்காரருக்கும் அதுவரை யாரும் அவ்வளவு விலை கொடுத்ததில்லை. அதே ஆண்டு செப்டம்பரில்தான் நீ இரண்டு பெட்டிகளோடு மான்செஸ்டருக்குப் படிக்கப் போனாய். இரவுப் பணி பார்த்துச் சேர்த்த பணத்தில் நீ டிக்கெட் வாங்குவதும், அவர் வாங்குவதாகப் பத்திரிகைகள் எழுதிய வாரச் சம்பளம் நீ ஐந்தாறு ஆண்டு உழைத்தாலும் கைக்கு வராத தொகை என்பதும் எனக்குத் தெரியும். அப்படிச் சம்பளம் வாங்குகிறவர் 2021 அக்டோபரில் லெஸ்டரிடம் தம் கோல் பக்கத்திலேயே பந்தைப் பறிகொடுத்து அது கோலாக முடிந்ததையும், எட்டு நாள் கழித்து லிவர்பூல் உங்கள் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டுக்கே வந்து ஐந்து கோல் அடித்துவிட்டுப் போனதையும், நவம்பரில் வாட்ஃபோர்டிடம் 4-1 என்று தோற்ற ஆட்டத்தில் அவர் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறியதையும், மறுநாளே பயிற்சியாளர் சோல்ஷியர் வேலை இழந்ததையும் பார்த்த ரசிகனுக்குக் கோபம் வராவிட்டால்தான் வியப்பு. அந்தப் பருவம் முழுவதும் உன் அணி 57 கோல் அடித்தது, 57 கோல் வாங்கியது. கேப்டன் பட்டையைக் கட்டியிருந்தவர் அவர்தான். கேள்வி அவரிடம் கேட்கப்பட வேண்டியதுதான்.

ஆனால் எந்தக் கேள்வி? நீங்கள் அவரிடம் கேட்டது ஆட்டத்தைப் பற்றிய கேள்வி அல்ல, விலையைப் பற்றியது. "எட்டுக் கோடிக்கு இதுவா" என்றுதான் அந்த வீடியோவிலும் ஒருவன் கேட்கிறான். அந்த எட்டுக் கோடி விலையை அவர் நிர்ணயிக்கவில்லை, கதிர். அது அவர் கைக்குப் போகவும் இல்லை. ஹல் சிட்டியிலிருந்து 2017இல் அவரை 1.2 கோடிக்கு எடுத்த லெஸ்டருக்கு, அவரை விற்றே ஆக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அவருடைய ஒப்பந்தத்தில் இன்னும் பல ஆண்டுகள் மீதமிருந்தன. 2018 ஜனவரியில் லிவர்பூல் தடுப்பாட்டக்காரர் வான் டைக்கை 7.5 கோடிக்கு வாங்கி ஒரு அளவுகோலை வைத்திருந்தது. உங்கள் கிளப்புக்கோ ஒரு ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர், அவசரமாகத் தேவை என்பது ஊரறிந்த செய்தி. தேவை தெரிந்த இடத்தில் கடைக்காரன் விலையைக் குறைப்பானா? அவசரப்பட்டு வாங்கியவர்கள் இயக்குநர் அறையில் இருந்தார்கள். உங்கள் வசவு மட்டும் மைதானத்தில் நின்றவர் மேல் விழுந்தது. 2005இல் கடன் வாங்கிக் கிளப்பை வாங்கி அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டிய கிளேசர் குடும்பத்தைப் பற்றி நீ என்னிடம் எத்தனை முறை பேசியிருக்கிறாய்! இவ்வளவு விவரம் தெரிந்த நீ, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தவரைப் பிடித்துக்கொண்டாய்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு, ஏனென்றால் நான் எங்கள் துறை அணிக்காக ஒன்பது ஆண்டுகள் ஸ்டாப்பராக நின்றவன். ஸ்டாப்பர் என்பவன் தனியாக ஆடுகிறவன் அல்ல. அவனுக்கு முன்னால் நடுக்களத்தில் யார் நிற்கிறார்கள், பக்கத்தில் இருப்பவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான், பின்னால் எவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் அவனை நல்லவனாகவோ கெட்டவனாகவோ காட்டும். மகுவையருடைய பலமும் பலவீனமும் ஒளிவுமறைவானவை அல்ல. உயரத்தில் வரும் பந்து அவருக்குச் சொந்தம். பந்தோடு முன்னேறி நடுக்களம் வரை கொண்டுபோய்க் கொடுப்பார். ஆனால் பின்னால் திரும்பி ஓட வேண்டி வந்தால் அவ்வளவு பெரிய உடம்பு சட்டென்று திரும்பாது. அதை 2019இலேயே கண் உள்ளவர்கள் பார்த்தார்கள். 2018 உலகக் கோப்பையில் இங்கிலாந்து மூன்று தடுப்பாட்டக்காரர்களோடு ஆடியபோது, பக்கத்தில் ஸ்டோன்ஸும் அந்தப் பக்கம் வேகமான வாக்கரும் இருந்ததால், அவர் கவலையில்லாமல் முன்னேறினார். கால் இறுதியில் சுவீடனுக்கு எதிராகத் தலையால் கோலும் அடித்தார். யுனைடெட்டில் முதல் பருவத்தில் 38 லீக் ஆட்டங்களிலும் ஒரு நிமிடம்கூட விடாமல் ஆடினார். அடுத்த பருவத்தில் அணி இரண்டாம் இடம் பிடித்தது. அவர் காயத்தால் இறங்க முடியாத ஐரோப்பா லீக் இறுதி ஆட்டத்தில்தான் பெனால்ட்டியில் கோப்பை கைநழுவியது. அப்போது அவரைப் பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசியதாக நினைவில்லை.

2021இல் என்ன மாறியது? முன்களம் பந்தைத் துரத்துவதை அரைகுறையாகச் செய்தது. நடுக்களத்தில் இரண்டு பேர் நான்கு பேர் வேலையைச் செய்யத் திணறினார்கள். எதிரணி ஒரே பாஸில் அந்தக் காலி நிலத்தைத் தாண்டி நேராக அவர் முன்னால் வந்து நின்றது. திரும்பி ஓடுவதுதான் அவருக்கு வராத வேலை. வாரந்தோறும் அவருக்கு அதுதான் கொடுக்கப்பட்டது. லெஸ்டர் ஆட்டத்துக்குக் கெண்டைக்கால் காயத்திலிருந்து முழுதாகத் தேறாமல், சரியான பயிற்சியும் இல்லாமல் இறக்கப்பட்டார். இவையெல்லாம் அவருடைய பிழைகளைப் பிழைகள் அல்ல என்று ஆக்கிவிடாது. பந்தைப் பிடித்துக்கொண்டு தாமதித்தது அவர். தேவையில்லாத இடத்தில் காலை நீட்டி அட்டை வாங்கியதும் அவர். நான் பயிற்சியாளராக இருந்திருந்தால் அவரை உட்கார வைத்திருப்பேன். உட்கார வைப்பது வேறு, நீங்கள் செய்தது வேறு.

2022 மார்ச் 29 அன்று இங்கிலாந்து அணியின் வெம்ப்லி மைதானத்தில் ஐவரி கோஸ்டுக்கு எதிரான ஆட்டத்தில், அவர் பெயரை அறிவித்ததுமே சொந்த நாட்டு ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். ஏப்ரல் 19 அன்று இதே ஆன்ஃபீல்டில் உன் அணி 4-0 என்று தோற்றது. மறுநாள் அவர் வீட்டுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்து, போலீசார் நாய்களோடு போய்ச் சோதனை போட்டார்கள். அந்த வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தார்கள். 2023 செப்டம்பரில் கிளாஸ்கோவில் பந்து அவர் காலில் பட்டுச் சொந்த வலைக்குள் போனபோது எழுந்த ஏளனத்தைப் பார்த்து, அவருடைய தாயார் பொறுக்க முடியாமல் சமூக வலைத்தளத்தில் எழுதினார்; வேறு எந்த வீரரின் பெற்றோருக்கும் இப்படி நேரக் கூடாது என்பது அதன் சாரம். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உனக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஒரு நாக் அவுட் ஆட்டத்தில், மழை ஈரத்தில் கால் வழுக்கி, எதிரணி சென்டர் பார்வர்டுக்கு நான் வழி விட்டுவிட்டேன். ஒரு கோலில் தோற்றோம். அன்று ஆட்டம் பார்க்க வந்திருந்த உன் பாட்டி, வெளியே வரும் வழியில் என்னைப் பற்றி நாலு பேர் பேசியதைக் கேட்டபடியே பேருந்து நிறுத்தம் வரை நடந்தாள். அதற்குப் பிறகு அவள் மைதானத்துக்கு வரவே இல்லை. அந்த ஒன்பது ஆண்டுகளில் நான் தடுத்த பந்துகளை எவரும் எண்ணி வைக்கவில்லை. வழுக்கிய அந்த ஒரு பந்தைப் பற்றி இன்றைக்கும் ஒரு பழைய நண்பர் கேட்பார்.

2022இல் கானா நாட்டு நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர், நாட்டின் பொருளாதாரத்தை நடத்தியவரை மகுவையரோடு ஒப்பிட்டுக் கேலி செய்தார்; அடுத்த ஆண்டு மகுவையர் நன்றாக ஆடத் தொடங்கியதும் அந்த உறுப்பினர் அதே சபையில் மன்னிப்புக் கேட்டார். நல்லதுதான். ஆனால் மகுவையர் கோலைத் தடுத்து நன்றாக ஆடாமலே போயிருந்தால் அந்த மன்னிப்பு வந்திருக்காது அல்லவா? உன் தொலைபேசி அழைப்பிலும் எனக்கு உறுத்தியது இதுதான். 2023 ஜூலையில் அவரிடமிருந்து கேப்டன் பட்டையை எடுத்தார்கள். வெஸ்ட் ஹாம் கிளப் அவரை வாங்கக் கேட்டும் அந்தப் பேச்சு முடியாமல் போனது. அவர் அங்கேயே தங்கி, ஒழுங்காகப் பயிற்சிக்குப் போய், அந்த நவம்பரில் பிரீமியர் லீக்கின் மாதத்தின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். இந்த ஆண்டு ஏப்ரலில் லியோனுக்கு எதிராக, கூடுதல் நேரத்தின் கடைசிக் கணத்தில், 5-4 என்று முடித்து வைத்த தலையடியும் அவருடையது. நீ அவரை ஏற்றுக்கொண்டது அந்தத் தலையடிகளுக்காக. தடுப்பாட்டக்காரரைப் பிழைக்காகத் திட்டினாய், கோலுக்காகப் புகழ்கிறாய். இரண்டு சமயத்திலும் அவர் செய்யும் வேலையைப் பார்க்கவே இல்லை.

அன்று ஆன்ஃபீல்டில் பயிற்சியாளர் அமோரிம் அவரை மூவர் வரிசையின் நடுவில் நிறுத்தியிருந்தார். ஒரு பக்கம் டி லிக்ட், மறு பக்கம் லூக் ஷா. பின்னால் திரும்பி ஓட வேண்டிய தேவை குறைந்தது. வந்த உயரப் பந்துகளை அவர் முட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். 2022இல் நீ பார்த்த அதே உடம்பு, அதே கால்கள்தான்.

அடுத்த முறை ஓல்ட் டிராஃபோர்டுக்குப் போகும்போது எனக்காக ஒன்று செய். முதல் பாதியில் ஒரு பத்து நிமிடம் பந்தைப் பார்க்காதே. ஐந்தாம் எண் சட்டையை மட்டும் பார். பந்து மறுபக்கத்தில் இருக்கும்போது அவர் எங்கே நிற்கிறார், எத்தனை முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறார், யாருக்குக் கை காட்டுகிறார், எந்தப் பந்துக்குப் போகாமல் நின்றுவிடுகிறார் என்று பார்த்து எழுது. பேசி அனுப்பாதே, எழுது. தொலைக்காட்சி எனக்கு அதைக் காட்டுவதே இல்லை.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா