கவனிப்பு இல்லாமல் என் ஆத்தா போகவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், தொற்றால் உறுப்புகள் கெட்டு உயிருக்கே ஆபத்தாகும் செப்சிஸ் பற்றிய கட்டுரையில் ஒரு வரி: "உடம்பில் எதிர்ப்புச் சக்தியும் வீட்டில் கவனிப்பும் இருந்தால் செப்சிஸ் அண்டாது." அச்சுக்குப் போகுமுன் இதை யாராவது படித்தீர்களா? படித்துவிட்டுத்தான் போட்டீர்கள் என்றால் என் வருத்தம் இன்னும் கூடுகிறது.

என் ஆத்தாவுக்கு 81 வயது. தேவகோட்டையில் ஒரு காலத்தில் முப்பது பேர் புழங்கிய வீட்டில் இப்போது ஆத்தா, நான், என் மனைவி மூன்று பேர்தான். வேளை தவறாமல் மாத்திரை, மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை, ராத்திரி துணைக்கு என் மனைவி பக்கத்திலேயே படுப்பாள். இரண்டு நாள் நீர்க்கடுப்பு என்றார். மூன்றாம் நாள் சாயங்காலம் என்னைச் சித்தப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டார். மூச்சு வேகமாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. அதில் எனக்கு ஒரு நிம்மதி வேறு. ராத்திரி கூட்டிப்போன மருத்துவமனையில், வயதானால் பேச்சு தடுமாறத்தான் செய்யும் என்று ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். விடிந்து மதுரைக்குக் கொண்டுபோனபோது ரத்த அழுத்தம் விழுந்திருந்தது, சிறுநீர் நின்றிருந்தது. ஆறாம் நாள் போய்விட்டார்.

உங்கள் பக்கத்தைப் படித்த அன்றைக்கு என் மனைவி சாப்பிடவில்லை.

நான் 31 வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவன். அந்த ஆறு நாளுக்கு அப்புறம் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். பலவீனமானவர்களுக்கு ஆபத்து அதிகம், அதை மறுக்கவில்லை. ஆனால் 2016-ல் உலக மருத்துவர்கள் வகுத்த விளக்கமே, தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை கட்டுமீறி உறுப்புகளைக் கெடுப்பதுதான் செப்சிஸ் என்கிறது. நம் செல்லுக்குள் என்எப்-கப்பா-பி என்ற புரதத்தை இன்னொரு புரதம் பிடித்துவைத்திருக்கிறது. கிருமியின் வாடை பட்டதும் அந்தக் காவல் புரதத்தில் பாஸ்பேட் ஒட்டுகிறது, பின்னால் யுபிகுயிட்டின் என்ற குட்டிப் புரதம் ஒட்டுகிறது, அதோடு அது சிதைக்கப்படுகிறது. கட்டவிழ்ந்தது உட்கருவுக்குள் போய் அழற்சியைக் கிளப்பிவிடுகிறது. சாதாரணக் காயத்திலும் இதுதான் நடக்கிறது, பிறகு அடங்கிவிடுகிறது. செப்சிஸில் அது அடங்குவதில்லை.

ஆக்சிஜன் போதாதபோது செல்கள் சர்க்கரையை உடைத்து உண்டாக்கும் லாக்டேட்டை வெறும் கழிவு என்றே நானும் பாடம் நடத்தினேன். அந்த லாக்டேட்டே புரதங்களின் மேல் ஒட்டி மரபணுக்களின் வேலையை மாற்றுகிறது என்று 2019-ல் கண்டுபிடித்திருக்கிறார்கள். எச்எம்ஜிபி1 என்ற புரதத்தில் அது ஒட்டினால், அந்தப் புரதம் செல்லைவிட்டு வெளியேறி ரத்தக்குழாய்ச் சுவரைக் கசியவைப்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். மதுரையில் ஆத்தாவுக்கு லாக்டேட் எத்தனை என்று டாக்டர் சொன்னபோது எனக்கு இதெல்லாம் தெரியாது.

இந்த ஒட்டுகளைத் தடுக்கும் மருந்துகள் இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கின்றன. செப்சிஸுக்கென்று பெரிதாக நம்பப்பட்டு 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆக்டிவேட்டட் புரோட்டீன் சி மருந்தே, உயிர் காக்கவில்லை என்று 2011-ல் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே கையில் இருப்பது நேரம் ஒன்றுதான். ரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலைக்குப் போனவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போக வேண்டும் என்கிறார்கள். ஆத்தாவுக்கு ஒரு ராத்திரியே போய்விட்டது.

கொரோனா காலத்திலும் வாராவாரம் எதிர்ப்புச் சக்தி கஷாயம் போட்டீர்கள். ஆக்சிஜனில் கிடந்தவர்களைக் காப்பாற்ற உதவியதோ டெக்சாமெத்தசோன், எதிர்ப்பைத் தணிக்கிற மருந்து. அப்போதே எழுதினேன், நீங்கள் போடவில்லை. செட்டிநாட்டுச் சிறப்பிதழில் கோழி வறுவலுக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்தீர்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் தந்து காரைக்குடியில் எழுந்த மின்வேதியியல் ஆய்வகத்துக்கு ஒரு வரி இல்லை. பெரிய பெரிய வீடுகளில் தனியாகக் கிடக்கும் வயதானவர்களைப் பற்றியும் ஒரு வரி இல்லை. 22 வருடச் சந்தாதாரனாக இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

அடுத்த இதழில் நாலு வரிக்குக் கட்டம் கட்டுங்கள், போதும். வயதானவருக்குத் திடீர்க் குழப்பம், வேகமூச்சு, சிறுநீர் குறைவு, சில்லிட்ட கைகால் இருந்தால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், இது செப்சிஸாக இருக்குமா என்று வாய்விட்டுக் கேளுங்கள் என்று போடுங்கள். கீழே, "கவனிப்பு" என்று எழுதியது தவறு என ஒரு திருத்தமும் வேண்டும். என் மனைவியிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்,
தேவகோட்டை.