வாசலில் மாட்டவிருக்கும் பலகை குறித்து

நாகர்கோவில்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு அப்பாவும் நானும் நலம். ஆலயத்துக்கு வரும் பெண்கள் என்னென்ன உடை அணியக் கூடாது என்று எழுதி வாசலில் ஒரு பலகை மாட்ட வேண்டும் என உங்கள் சபைக் கமிட்டியில் சிலர் கேட்பதாகவும், அடுத்த கூட்டத்தில் நீயும் கருத்துச் சொல்ல வேண்டியிருப்பதாகவும் சொன்னாய். போனில் பேசினால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவோம் என்பதால் எழுதுகிறேன். அந்தப் பலகைக்கு நீ சம்மதிக்க வேண்டாம். ஆனால், உடையில் என்ன இருக்கிறது, கர்த்தர் இருதயத்தைத்தானே பார்க்கிறார் என்று சொல்லி அதை எதிர்க்கவும் வேண்டாம். உடை ஒரு பொருட்டே இல்லை என்று வேறு யார் சொன்னாலும் சொல்லட்டும், நம் ஊர்க்காரர்கள் சொல்ல முடியாது.

தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி நீ பள்ளியில் ஒரு பக்கமாவது படித்திருப்பாய். மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் 1809இல் ஆலயம் எழுப்பியதற்குப் பின்வந்த ஆண்டுகளில், கிறிஸ்தவர்களான நாடார் பெண்கள், மிஷனரி மீட் ஐயரின் மனைவி வடிவமைத்துக் கொடுத்த குப்பாயம் என்ற தளர்வான மேற்சட்டையை அணிந்து, அதற்குமேல் தோளில் சீலையும் போட்டுக்கொண்டு ஆலயத்துக்கும் சந்தைக்கும் போகத் தொடங்கினார்கள். மேல்சாதியினர் முன்னால் மார்பை மறைக்கக் கூடாது என்ற வழக்கம் இருந்த, நம் ஊரும் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அது பெருங்குற்றமாகப் பட்டது. 1822இலிருந்து விட்டுவிட்டு நடந்த கலவரங்களில் சந்தைகளில் பெண்களின் சீலைகள் கிழிக்கப்பட்டன. ஜெபவீடுகளும் பள்ளிக்கூடங்களும் கொளுத்தப்பட்டன. 1829இல் அரசு வெளியிட்ட அறிவிப்பு அந்தப் பெண்களுக்குத் தோள்சீலையை மறுத்தது. பின்னர் சென்னை ஆளுநர் டிரெவெலியன் வரை விவகாரம் போய், 1859 ஜூலை 26ஆம் தேதி வந்த அறிவிப்புகூட, குப்பாயம் போட்டுக்கொள்ளலாம், மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது என்றுதான் சொன்னது. பாதி நியாயம் கிடைக்கவே அத்தனை ஆண்டுகள் ஆயின.

அடியும் வசையும் வாங்கிக்கொண்டு, உடுத்திய கோலத்திலேயே ஆராதனைக்கு வந்து உட்கார்ந்த அந்தப் பெண்களுக்கு உடை சின்ன விஷயமாக இருந்திருக்காது. நானும் மனிதப் பிறவிதான் என்று ஊரறியச் சொல்லும் வழியாக அது இருந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நன்றாக உடுத்திப் போவதை வெறும் பகட்டு என்று நான் தள்ளமாட்டேன். அதே வேளையில், ஒரு பெண்ணின் தோளில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று வாசலில் நின்று சட்டம் சொன்னவர்கள் அன்று எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதையும் உன் கமிட்டி நண்பர்கள் யோசிக்க வேண்டும். அவர்கள் நோக்கம் வேறு, அன்று நடந்தது இழிவுபடுத்தல், இன்று இவர்கள் கேட்பது ஒழுங்கு என்று நீ சொல்லலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நம்முடைய சபை அந்தப் பக்கத்து வேலையைக் கையில் எடுப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

வேதவசனத்தைக் காட்டுவார்கள். காட்டட்டும், முழுவதையும் வாசிக்கச் சொல். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதின முதலாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் தகுதியான உடை என்று சொன்ன கையோடு அவர் பெயர் சொல்லித் தடுப்பவை மயிர் பின்னுதல், பொன், முத்து, விலையேறப்பெற்ற வஸ்திரம் ஆகியவை. பேதுருவும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறார். இறுக்கமான பேண்டைப் பற்றிப் பேச இந்த வசனத்தை எடுப்பவர்கள், பட்டும் பவுனுமாக நடக்கும் நம் ஊர்க் கலியாண ஆராதனையில் அதை ஒருநாளும் எடுத்ததில்லை. (அந்தப் பலகையில் நகைக்கும் ஓர் உச்சவரம்பு எழுதலாமா என்று கூட்டத்தில் கேட்டுப் பார், முகங்களைக் கவனி.) முக்காட்டைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதியது உண்டுதான். கத்தோலிக்கர்கள் 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் அதைக் கட்டளையாகவே எழுதி வைத்திருந்தார்கள். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. சட்டம் போனாலும் நம் ஊர்க் கத்தோலிக்கப் பெண்கள் பலர் இன்றும் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். பலகை இல்லாமலே நடக்கிறது, பார்.

எது கிறிஸ்தவ உடை என்று ஒரே விடை எக்காலத்திலும் இருந்ததில்லை. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்கிற இத்தாலியக் குரு ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்திச் சந்நியாசியாக வாழ்ந்தார். அதைக் குறித்து அவருடைய சபைக்குள்ளேயே வழக்கு எழுந்து ரோம் வரைக்கும் போயிற்று. வேளாங்கண்ணிக்கு இன்றும் காவி உடுத்தி நடந்து போகிறவர்கள் உண்டு. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் நகையைக் கழற்றிவிட்டு வெள்ளை உடுத்துகிறார்கள்.

எனக்கு உறுத்துவது குட்டையான உடையல்ல, விலையுயர்ந்த உடைதான். கிறிஸ்துமஸ் காலையில் எல்லாரும் புதுத்துணியில் வருவார்கள் என்பதனாலேயே, அன்று மட்டும் ஆலயத்துக்கு வராமல் வீட்டில் இருந்துவிடும் ஏழைக் குடும்பங்கள் உண்டு. உடம்புக்கு முடியவில்லை என்பார்கள்; நாமும் கேட்டுக்கொண்டு கேக்கைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் தரித்தவனுக்கு நல்ல இடமும், கந்தையான வஸ்திரம் தரித்த தரித்திரனுக்கு நிற்க ஓர் ஓரமும் காட்டுகிற சபையைப் பற்றி யாக்கோபு எழுதினது இதைத்தானே? உங்கள் சென்னையில் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளில் கிறிஸ்தவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவன் வேலைச் சட்டையோடு உங்கள் வாசலுக்கு வந்து, ‘தகுந்த உடையில் வரவும்’ என்ற பலகையை ஒருவாறு எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத் திரும்பிப் போனால், அதற்குக் கமிட்டி என்ன பதில் வைத்திருக்கிறது? அந்தப் பலகை அவனைக் குறித்து எழுதப்பட்டதல்ல என்பது உங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாதே.

நான் திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின இரவே பருத்திச் சேலையைத் தேய்த்து மடித்து வைக்கிறவள். செருப்பைப் படிக்கு வெளியே விட்டுவிட்டு, முக்காடிட்டுத்தான் பந்திக்குப் போகிறேன். இதை விடமாட்டேன், பக்கத்தில் இருப்பவளிடம் கேட்கவும் மாட்டேன். உண்மையிலேயே சங்கடமான உடையில் ஒரு பெண் வந்தாள் என்றால், அவளுக்குச் சித்தி வயதில் உள்ள யாராவது சில மாதம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பெயர் கேட்டு, வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டுப் பழகிய பிறகு பக்குவமாகச் சொல்லட்டும். அந்த அளவு அக்கறை இல்லாதவர்களுக்குச் சொல்லும் உரிமையும் இல்லை. ஆண்கள் இதில் வாயே திறக்க வேண்டாம். அரைக்கால் சட்டையோடு மாலை ஆராதனைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காரும் நீயும் உட்பட, மக்களே.

கூட்டத்தில் வெறுமனே வேண்டாம் என்று சொல்லாமல் மாற்று வழியும் சொல். பாடகர் குழுவும், வேதபாடம் வாசிப்போரும், காணிக்கை எடுப்போரும் எளிமையாக உடுத்தட்டும். முன்னால் நிற்பவர்களைப் பார்த்துத்தான் பின்னால் இருப்பவர்கள் அளவு வைத்துக்கொள்வார்கள். பாடகர் குழுவுக்கு அங்கி இருந்தால் இன்னும் நல்லது, உள்ளே பட்டா பழைய சட்டையா என்று யாருக்கும் தெரியாது. பலகைக்கு ஒதுக்கும் பணத்தைக் கிறிஸ்துமஸுக்கு முன்பே துணி வாங்க வைத்துக்கொண்டு, மேடையில் பெயர் வாசிக்காமல் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். கூட்டம் தொடங்கும் முன் யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தை வாசிக்கச் சொல். கமிட்டியில் உள்ள பெண்கள் முதலில் பேசட்டும். என்ன முடிவானது என்று எழுது.

அன்புடன்,
அம்மா