மங்கோலிய ரயிலும் இடம் மாறும் வீடுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த மங்கோலியப் பயணக் கட்டுரை ஆசையைக் கிளப்பத்தான் செய்தது. ஆனால் ரயிலை விட்டு இறங்கினால் எதிரிலேயே மேய்ச்சல் குடும்பத்தின் கூடாரம் என்ற தோரணையில் எழுதியிருப்பதை நம்பி யாராவது கிளம்பினால் ஸ்டேஷன் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

அந்த நாட்டின் பரப்பு ஏறத்தாழ 15.6 லட்சம் சதுர கிலோமீட்டர். பயணிகள் பெரும்பாலும் போவது ஒரே தடத்தில்: வடக்கே ரஷ்ய எல்லையருகே சுக்பாதர், நடுவே தலைநகர் உலான்பாதர், கோபிப் பாலைவனத்தைக் கடந்தால் சீன எல்லையில் சமீன் ஊத். மொத்தம் சுமார் 1,100 கி.மீ. எர்தெனெத்துக்கு ஒரு கிளைப் பாதை பிரிகிறது. ரயில் ஊரில் கொண்டுவிடும். அதற்கு மேல் ‘ஃபுர்கோன்’ எனப்படும் ரஷ்ய வேனோ ஜீப்போதான். தார்ச்சாலையை விட்டு இறங்கியபின் 100 கி.மீ.க்கு நான்கு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் மனம் புண்படாது.

எல்லையில் ஆகும் தாமதத்தைக் கட்டுரை சொல்லவே இல்லை. மங்கோலியத் தண்டவாளத்தின் அகலம் 1,520 மி.மீ., சீனத்தில் 1,435. இந்த 85 மி.மீ. வித்தியாசத்துக்காக நேரடி ரயிலின் பெட்டிகளை எல்லைக்கு அப்புறம் உள்ள சீன ஊரான எர்லியனில் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஜாக்கியில் தூக்கி, சக்கரத் தொகுதிகளை மாற்றுகிறார்கள். பாஸ்போர்ட், சுங்கச் சோதனையோடு சேர்ந்தால் பல மணி நேரம் போய்விடும். அந்த நேரத்தில் கழிப்பறையைப் பூட்டிவிடுவார்கள். ஸ்டேஷன் வருமுன்பே பூட்டுவதும் உண்டு. தேநீர் குடிப்பவர்கள் கவனிக்க! உள்நாட்டு ரயிலில் சமீன் ஊத் வரை வந்தவர்கள் எல்லையை நடந்து கடக்க முடியாது. ஜீப்பிலோ பஸ்ஸிலோதான் கடக்க வேண்டும். சீனா வழியாகப் போய் அதே வழியில் திரும்புபவர்கள் சீன விசாவை இருமுறை நுழைவுக்கு வாங்கியிருக்க வேண்டும். ஒருமுறை விசாவோடு போனால் திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

மேய்ச்சல் குடும்பத்தைக் கண்டுபிடிப்பது அடுத்த பாடு. கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம், வசந்தம் என்று பருவத்துக்கொரு முகாம்; புல்லையும் தண்ணீரையும் பொறுத்து அதுவும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். போன வருடம் போனவர் கொடுத்த ஜிபிஎஸ் புள்ளியில் இப்போது வட்டமாகத் தேய்ந்த புல்தான் இருக்கும். ஆகவே ஓட்டுநரையோ வழிகாட்டியையோ கொண்டு இரண்டு நாள் முன்னதாகப் பேசச் சொல்லுங்கள். சில இடங்களில் குன்றின் மேல் ஏறினால்தான் கைபேசிக்கு சிக்னல் கிடைக்கும் என்பதால் பதில் வரத் தாமதமாகும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை போவது உத்தமம். ஜூலை 11 முதல் ‘நாதம்’ எனும் தேசிய விழா. அந்த வாரம் டிக்கெட்டும் கிடைக்காது, வண்டியும் கிடைக்காது, குடும்பமே விழாவுக்குப் போயிருக்கும். வசந்தத்தில் குட்டி ஈனுதல், வெள்ளாட்டு ரோமம் வாருதல், புழுதிக்காற்று. விருந்தாளியைக் கவனிக்க அப்போது யாருக்கும் கை ஓயாது.

கெர் கூடாரத்தின் கதவு தெற்கு நோக்கியிருக்கும். நிலைப்படியை மிதிக்காமல் தாண்டி, இடப்புறமாக, அதாவது மேற்குப் பக்கமாகப் போய் உட்கார வேண்டும். கிழக்குப் பக்கம் சமையல். வடக்கே, கதவுக்கு நேர் எதிரே உள்ள இடம் பெரியவர்களுக்கும் பூசைப் பொருள்களுக்கும். நடுவில் கூரை வளையத்தைத் தாங்கும் இரண்டு தூண்களுக்கு இடையே புகுந்து போவதோ எதையும் கைமாற்றுவதோ கூடாது. அடுப்பில் குப்பை போடக் கூடாது, அதை நோக்கிக் காலை நீட்டவும் கூடாது. மூக்குப்பொடிக் குப்பியை நீட்டினால் இடக்கையால் வல முழங்கையைத் தாங்கி வலக்கையில் வாங்கி, முகர்ந்து, மூடியை இறுக்காமல் திருப்பித் தர வேண்டும். பொடியை உறிஞ்சியே ஆக வேண்டும் என்பதில்லை. அடுப்பில் எரிவது பெரும்பாலும் காய்ந்த சாணம். சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் அணையும். விடியற்காலை மூன்று மணிக்கு உள்ளேயே பல் கிட்டும், ஜூலையிலும்கூட! நல்ல ஸ்லீப்பிங் பேக் இல்லாமல் போகாதீர்கள்.

உப்புப் போட்ட பால் தேநீரைக் கொதிக்க வைத்துத்தான் தருவார்கள், பயமில்லை. புளித்த குதிரைப் பாலான ஐரக் அப்படியல்ல. கோடையில் பெண் குதிரைகளைப் பகலில் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை கறந்து, கதவருகே தொங்கும் தோல் பையில் ஊற்றி ஆயிரக்கணக்கான முறை கடைவார்கள். உள்ளே நுழைபவர் மத்தை நாலு தடவை இழுத்துவிட்டுப் போவது வழக்கம். பழகாத வயிறு முதல் கிண்ணத்திலேயே கலங்கும். உதட்டில் வைத்துவிட்டுத் திருப்பித் தந்தால் யாரும் கோபிப்பதில்லை. வாங்கவே மறுத்தால்தான் முகம் சுருங்கும். சைவர்களுக்குக் கோடை ஒன்றே வழி: தயிர், பாலாடை, ‘ஆருல்’ எனும் காய்ந்த தயிர்க்கட்டி எல்லாம் உண்டு. ஆனால் இறைச்சி வெந்த அதே பாத்திரத்தில்தான் எல்லாம் வேகும். அதைப் பொறுக்காதவர்கள் தனி அடுப்பும் பாத்திரமும் கொண்டுபோகட்டும். மர்மோட் எனும் பெரிய அணில் வகைப் பிராணியின் கறி தந்தால் மட்டும் தயங்காமல் மறுத்துவிடுங்கள். அந்தப் பிராணியிடமிருந்து பிளேக் தொற்றும்.

கட்டணத்தை முன்கூட்டியே பேசி, அந்நாட்டுப் பணமான துக்ரிக் நோட்டாக வலக்கையால் கொடுங்கள். கார்டெல்லாம் ஊர் எல்லையோடு சரி. மாவு, சர்க்கரை, தலைவிளக்கு, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் ஆகியவை உதவும். மது பாட்டில் வேண்டாம்.

இன்னொரு முறை இதுபோன்ற கட்டுரை போடும்போது நாய்களைப் பற்றி ஒரு வரியாவது சேர்த்துவிடுங்கள். கூடாரத்தைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கதவைத் தட்டக் கூடாது. தொலைவிலேயே நின்று ‘நோகோய் ஹோர்’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். நாயைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பொருள். வீட்டார் வெளியே வரும் வரை வண்டியை விட்டு இறங்க வேண்டாம். ரேபிஸ் தடுப்பூசியைப் புறப்படுமுன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்