மதகின் கைப்பிடிச் சுவரையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் வாய்க்கால் மதகில் இரு சக்கர வாகனத்தோடு விழுந்து ஓர் இளைஞர் இறந்த செய்தியை 'அதிவேகமே காரணம்' என்ற ஒரே வரியில் தாங்கள் முடித்திருந்தது என்னை மிகவும் வருத்தியது.

அந்த மதகின் கைப்பிடிச் சுவர் முன்பு இடுப்பளவு இருந்தது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் ஒவ்வொரு முறையும் அதன்மேலேயே புதிய சாலை போட்டதால், சுவர் இன்று முழங்காலுக்கும் கீழே நிற்கிறது. சாலை விளிம்பை ஒட்டி ஒரு சாண் பள்ளம். எதிரே வரும் பேருந்துக்கு ஒதுங்கி அதில் சக்கரத்தை இறக்கியவர், எவ்வளவு நிதானமாக வந்திருந்தாலும், வண்டியை மேலே ஏற்றுவது கடினம். என் அண்ணன் மகன் அங்கேதான் விழுந்தான். இன்றும் காலில் கம்பியோடு நடக்கிறான். அவனுடைய கவனக்குறைவு என்றே அப்போதும் எழுதினார்கள். அதன்பின் அந்த மதகை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சென்ற சம்பா அறுவடையின்போது, சாலையில் நெல் காயவைக்கும் விவசாயிகளால்தான் விபத்து நடப்பதாக எழுதினீர்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிய நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் சாதாரணமாக எடுப்பதில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. களம் இல்லாத ஊரில் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? நெல்லைச் சுற்றி வைத்த கற்கள் இருட்டில் ஆளை வீழ்த்துகின்றன என்பது உண்மைதான். ஆனால் விவசாயிக்கு அபராதம் விதித்தால் அடுத்த அறுவடைக்கும் நெல் சாலைக்குத்தான் வரும், களம் கட்டிக் கொடுத்தால் வராது.

வேகத்தை நான் நியாயப்படுத்தவில்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் தமிழகத்தில் 64,105 விபத்துகளில் 17,884 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. இத்தனை சாவுகளுக்கும் ஓட்டியவரின் தவறே காரணம் என்று எழுதிவிட்டால், சாலையைச் சரிசெய்யும் வேலை யாருக்கும் இல்லாமல் போகிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, விதிப்படி அமைக்காத, பராமரிக்காத சாலையால் உயிர்ச்சேதமோ ஊனமோ நேர்ந்தால், அதற்குப் பொறுப்பானவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அந்தப் பிரிவைத் தங்கள் விபத்துச் செய்தி எதிலும் நான் பார்த்ததில்லை.

தங்கள் நிருபரை ஒருமுறை எங்கள் மதகுக்கு அனுப்பி, அந்தச் சுவரைப் படமெடுத்து வெளியிடுங்கள். இனி விபத்துச் செய்தி வரும்போது, அந்த இடத்தில் விளக்கும் தடுப்புச் சுவரும் இருந்தனவா என்று ஒரு வரி சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
வலங்கைமான் வட்டம்