பத்து டோஸ் குப்பி கேட்டு ஒரு திறந்த மடல்

தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தை நடத்தும் அலுவலர்களுக்கும், அதற்குத் தடுப்பூசி தயாரித்துத் தரும் நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

போன கோமாரி (கால், வாய்ப்புண் நோய்) தடுப்பூசிச் சுற்றில் எங்கள் பக்கத்து மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், முகாம் ரத்தானது. ஊசி போடவேண்டிய எருமைகள் எட்டே எட்டு. வருவதோ 100 மி.லி. குப்பி, தலைக்கு 2 மி.லி. வீதம் 50 டோஸ். திறந்தால் அன்றைக்கே தீர்க்க வேண்டும், மீதி 42 டோஸுக்கு யார் கணக்குச் சொல்வது? "ரோட்டோரம் ஓட்டி வாருங்கள், நாலு ஊருக்கும் சேர்த்துப் போட்டுவிடலாம்" என்றார்கள்.

கிருமி நுழைந்து நோய் வெளியே தெரிய 2 முதல் 14 நாள் ஆகும். வாயில் கொப்புளம் தெரியுமுன்பே மாடு கிருமியைப் பரப்பத் தொடங்கிவிடும். ஊசி வேலை செய்யவோ இரண்டு வாரம் வேண்டும். இந்த நிலையில் நாலு ஊர் மாட்டை மூக்கோடு மூக்கு நிறுத்துவதைவிட, நோயைப் பரப்ப நல்ல ஏற்பாடு வேறு இல்லை. தோடர் எருமையும் கூப்பிட்ட இடத்துக்கு வரும் ஜாதியல்ல. காலையில் கறந்து தொழுவத்தைத் திறந்துவிட்டால் மாலைவரை புல்வெளிதான். தொழுவத்திலேயே, கறவை நேரத்தில் போட்டால்தான் உண்டு.

ஆகவே மலை மாவட்டங்களுக்கு 20 மி.லி. குப்பி, அதாவது பத்து டோஸ், தாருங்கள். சின்னக் குப்பிக்குக் கண்ணாடி, மூடி, நிரப்பும் கூலி எல்லாம் டோஸுக்குக் கூடத்தான் செய்யும். மறுக்கவில்லை. ஆனால் நிறுவனத்தைக் கேட்டால் "டெண்டரில் இல்லை" என்கிறது. அலுவலகத்தைக் கேட்டால் "நிறுவனம் தருவதில்லை" என்கிறது. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் பத்து நிமிட வேலை. கருத்தரங்கு நடத்த மட்டும் இருவருக்கும் ஊட்டி சேர்ந்தே நினைவுக்கு வருகிறதே!

இன்னொன்று. மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்லும் உங்கள் கையேடு வெயிலை நினைத்தே எழுதப்பட்டிருக்கிறது. இங்கே ஜனவரியில் உறைபனி. இரவு ஜீப்பிலேயே விட்ட பெட்டியில் மருந்து உறைந்தால் எண்ணெய்க் கலவை பிரிந்துவிடும். பிறகு குலுக்கிப் பயனில்லை. உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே குப்பியோடு ஒட்டி வைத்தாலும் அதே கதிதான். ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை வெளியே வைத்துவிட்டுத்தான் அடுக்க வேண்டும். உறைந்த மருந்தைப் போட்டாலும் காதில் 12 இலக்க அடையாள வில்லை ஏறிவிடும், கணினியில் "போட்டாயிற்று" என்று விழுந்துவிடும். கோமாரிக் கிருமிக்குக் கணினி பார்க்கத் தெரியாது.

2019-இல் திட்டம் தொடங்கியபோது 2030-க்குள் கோமாரியை ஒழிப்போம் என்றீர்கள். தடுப்பூசி தயாரிக்கும் குன்னூர் பாஸ்டியர் நிலையம் 1907 முதல் இயங்கும் மலை இது; தடுப்பூசியின் அருமை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த டெண்டரில் பத்து டோஸ் குப்பி என்று ஒரு வரி சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். முகாமைக் காலை ஆறு மணிக்கு வைத்தால் எருமைகளும் இருக்கும்.

இப்படிக்கு,
மேல்நீலகிரிக் கால்நடை வளர்ப்போர் சிலர்