வயோலாவின் மோதிரமும் உன் நான்கு நிமிடமும்

லண்டன்,
டிசம்பர் 8

அன்புள்ள கயலுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம். அப்பா, அம்மா, பாட்டி எல்லோரும் நலம்தானே? குளிர் எப்படி என்று அம்மா கேட்டிருந்தாள். குளிரைவிட இருட்டுதான் தொல்லை என்று சொல். இந்த மாதம் நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் இறங்கிவிடுகிறது. மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவி நிமிர்ந்தால் தெருவிளக்கு எரிகிறது. இதற்கும் நாடகப் பள்ளி ஆடிஷனுக்கு நீயே எடுத்து அனுப்பப்போகும் வீடியோவுக்கும், அதுதான் அந்த செல்ஃப் டேப்புக்கும், சம்பந்தம் உண்டு, அப்புறம் சொல்கிறேன்.

அந்த ஆடிஷனுக்குப் பழைய நாடகத்திலிருந்து மோனோலாக், அதாவது ஒருவரே பேசும் நீள வசனம் ஒன்று, புதியது ஒன்று, இரண்டும் 'கான்ட்ராஸ்டிங்'காக இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்களே, அப்படியென்றால் என்ன என்று கேட்டிருந்தாய். ஒன்று அழுகை, ஒன்று சிரிப்பு என்று நீ ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பாய். எல்லோரும் முதலில் அப்படித்தான் எடுக்கிறார்கள். ஆனால் அழுகிறவளும் சிரிக்கிறவளும் ஒரே வேகத்தில், ஒரே மூச்சில், எதிரில் இருப்பவரை ஒரே மாதிரி நெருக்கிக்கொண்டு பேசினால், ஆளைத் தேர்ந்தெடுக்கும் பேனலில் இருப்பவர்களுக்கு ஒரே ஸ்பீச்சை இரண்டு தடவை கேட்ட மாதிரிதான் இருக்கும்.

மனநிலையை ஒதுக்கி வை. ஒவ்வொரு ஸ்பீச்சிடமும் இதைக் கேள்: யாரிடம் பேசுகிறாள்? அவரிடமிருந்து இப்போதே என்ன வேண்டும்? எல்லாம் தெரிந்துகொண்டு பேசுகிறாளா, பேசப் பேசத்தான் தெரிந்துகொள்கிறாளா? உடம்பு ஓடத் துடிக்கிறதா, உட்கார்ந்த இடத்தில் பிடித்து வைத்திருக்கிறதா? இவற்றில் இரண்டுக்காவது விடை வேறுபட்டால் அது கான்ட்ராஸ்ட். இரண்டுமே சோகமாக இருந்தாலும் பரவாயில்லை.

பழையது என்றால் பெரும்பாலும் ஷேக்ஸ்பியர், அல்லது அவர் காலத்து நாடகாசிரியர்கள். எலிசபெத் பட்டத்துக்கு வந்த 1558-லிருந்து முதலாம் ஜேம்ஸ் இறந்த 1625 வரை என்று வைத்துக்கொள். விதிகள் பள்ளிக்குப் பள்ளி மாறும். ஒன்று செய்யுள்தான் வேண்டும் என்னும், இன்னொன்று உரைநடையும் போதும் என்னும். ஒரு பள்ளிக்குத் தயாரித்ததை இன்னொன்றுக்கு அப்படியே அனுப்பாதே. விதியை மீறிய ஸ்பீச்சை எவ்வளவு நன்றாகச் செய்தாலும், இவளுக்குப் படிக்கத் தெரியவில்லை என்றுதான் முதலில் தோன்றும்.

வயது முக்கியம். உனக்குப் பத்தொன்பது. பதினேழிலிருந்து இருபத்தைந்துக்குள் இருக்கும் பாத்திரமாக எடு. லேடி மெக்பெத் வேண்டாம். பேனல் பார்க்க வருவது உன்னை, வேஷத்தை இல்லை. 'டுவெல்த் நைட்' வயோலா இரண்டாம் அங்கம் இரண்டாம் காட்சியில் மோதிரத்தைப் பற்றிப் பேசுவதை எல்லோரும் செய்கிறார்கள், அதனால் எடுக்கக் கூடாது என்று உனக்கு யாரோ சொன்னார்களாமே. அந்தப் பயம் ரொம்பப் பெரிதாக்கப்பட்டது என்பது என் கட்சி. ஊர் பேர் தெரியாத ஸ்பீச்சைச் சுமாராகச் செய்வதைவிடத் தெரிந்ததைத் தெளிவாகச் செய்வது மேல். வேறுதான் வேண்டுமென்றால் 'ஆஸ் யூ லைக் இட்' ஃபீபி, மூன்றாம் அங்கம் ஐந்தாம் காட்சி. காதலிக்கவில்லை என்று சாதித்துக்கொண்டே அரை வரிக்கு ஒரு தடவை 'ஆனாலும்' போடுவாள். அதுவும் உன் வயதுக்குப் பொருந்தும்.

வயோலாவையே எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண் வேடத்தில் இருக்கிறாள். நீ விட்டுப்போன மோதிரம் என்று சொல்லி, ஒலிவியா என்ற சீமாட்டியின் காரியஸ்தன் மால்வோலியோ ஒன்றைத் தரையில் போட்டுவிட்டுப் போன மறுநொடி. இருபத்தைந்து வரி, ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட வரும், வெட்டவே வேண்டாம். முதல் வரியின் அசைகளை விரல் விட்டு எண்ணு: ஐ-லெஃப்ட்-நோ-ரிங்-வித்-ஹெர், வாட்-மீன்ஸ்-திஸ்-லே-டி. பதினொன்று. இந்தச் செய்யுளில் வழக்கமாகப் பத்து, லேசு-அழுத்தம், லேசு-அழுத்தம் என்று ஐந்து ஜோடி. பள்ளியில் நேர், நிரை என்று அசை பிரித்த காதோடு கேள், ஆனால் நமக்குக் குறில் நெடில் கணக்கு, இங்கே அழுத்தம்தான் கணக்கு. கடைசியில் மிஞ்சித் தொங்கும் அந்த 'டி' அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை என்று காட்டுகிறது. அடுத்த வரியும் பதினொன்றுதான். கொஞ்சம் தள்ளி 'ஐ ஆம் தி மேன்' என்று நாலே அசையில், தன்னை ஆண் என்று நம்பி ஒலிவியா தன்னையே காதலிக்கிறாள் என்ற உண்மை உறைக்கிறது, அங்கே ஒரு நிறுத்தம். ஸ்பீச்சின் உச்சம் அதுதான். அதற்கு முன்னாலேயே விஷயம் தெரிந்தவள் மாதிரி சிரித்துக்கொண்டு ஆரம்பிக்கிறார்கள் பலர், அப்புறம் கண்டுபிடிக்க ஒன்றுமே இருக்காது.

நம் ஆட்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. குற்றியலுகரம் நமக்கு ரத்தத்தில் ஊறியது. லெஃப்ட்டு, ரிங்கு, மீன்ஸு என்று உகரத்தை ஒட்டினால் பதினொன்று பதினாலாகிவிடும், வரி நொண்டும். சொல்லை மெய்யிலேயே முடித்துப் பழகு. மற்றபடி உச்சரிப்பை மாற்றாதே. சொந்த உச்சரிப்பில் பேசுவதைத்தான் இங்கே பெரும்பாலும் விரும்புகிறார்கள். லண்டன் மேட்டுக்குடி ஆங்கிலத்தை ஒட்டவைத்துப் பேசினால் காதும் வாயும் அதிலேயே போய்விடும், நினைப்பு மோதிரத்தில் இருக்காது.

கடைசி இரண்டு வரியில் 'ஐ', 'அன்டை' என்று இயைபு வரும். அதைப் பாட்டாக இழுக்காதே. முடிச்சை அவிழ்க்க என்னால் ஆகாது, காலமே நீ அவிழ் என்று கையை விடுகிறாள், அவ்வளவுதான். பேசுவது சபையோடு. கூத்தில் கட்டியங்காரன் நம்மைப் பார்த்துக் கேட்பானே, அந்த உரிமையோடு கேள். ஆனால் பேனலில் ஒருவர் கண்ணைக் குத்திப் பார்க்காதே. அவர்கள் குறிப்பெடுக்க வேண்டும், நீ பார்த்துக்கொண்டிருந்தால் குனிய முடியாமல் தவிப்பார்கள். அவர்கள் தலைக்குச் சற்று மேலே, பின்வரிசையில் நாலைந்து பேர் இருப்பதாக வைத்துக்கொள்.

இனிப் புதியது. வயோலா தனியாக நிற்கிறாள், பேசப் பேசத்தான் கண்டுபிடிக்கிறாள். ஆகவே இதில் எதிரில் ஒருவர் இருக்கட்டும், உட்கார்ந்தே பேசட்டும், என்ன வேண்டும் என்று வாயைத் திறக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். தேடும்போது 'அன்றைக்கு என்ன ஆச்சு தெரியுமா' வகை ஸ்பீச்சுகள்தான் நிறைய மாட்டும். படிக்க உருக்கமாக இருக்கும், செய்தால் படுத்துவிடும், ஏனென்றால் நடந்து முடிந்ததைச் சொல்பவளுக்கு இப்போது ஒன்றும் வேண்டியிருக்காது. அதையேதான் எடுப்பாய் என்றால், இத்தனை நாள் சொல்லாததை இவரிடம் இன்றைக்கு ஏன் சொல்கிறாள் என்பதற்கு நாடகத்துக்குள்ளிருந்தே விடை எடுத்துக்கொள்.

இணையத்தில் தனியாகத் தொங்கும் மோனோலாக் வேண்டாம். பலதுக்குப் பின்னால் நாடகமே இருக்காது. இந்தப் பேச்சுக்கு முன்னால் என்ன நடந்தது என்று பேனல் கேட்டால் விழிப்பாய். சினிமா வசனமும் வேண்டாம், நீயே எழுதியதும் வேண்டாம். தேம்ஸ் கரையில் நேஷனல் தியேட்டர் புத்தகக் கடையில் புது நாடகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன, ஒன்று பத்துப் பவுண்டுக்கு மேல். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் ரெஃபரன்ஸ் லைப்ரரியில் நாடகத்துக்கென்றே நல்ல சேகரம் உண்டு. பெயர்களை அனுப்பு, சனிக்கிழமை போய்ப் படித்துவிட்டு எது உனக்கு ஆகும் என்று எழுதுகிறேன்.

அனுபமா சந்திரசேகரின் 'ஃப்ரீ அவுட்கோயிங்' பற்றிக் கேட்டிருந்தாய். சென்னைக்காரர், கதையும் சென்னையில், 2007-இல் இங்கே ராயல் கோர்ட் தியேட்டரில் முதலில் மேடையேறியது. அருமையான நாடகம், முழுசாகப் படி. ஆனால் சுமை முழுக்க அம்மா மாலினி மேல். பிரச்சினைக்குக் காரணமான மகள் மேடைக்கே வருவதில்லை. பத்தொன்பது வயதில் நீ அந்த அம்மாவைச் செய்தால் புடவை கட்டிவிட்ட குழந்தை மாதிரி இருக்கும்.

புது நாடகங்களில் கெட்ட வார்த்தை தாராளமாக வரும். 1968 வரை லார்ட் சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியின் அலுவலகம் அனுமதித்தால்தான் இங்கே நாடகம் மேடையேறும். அந்தத் தணிக்கை போனதிலிருந்து எழுதுகிறவர்களுக்குக் கை விடுதலை. பேனல் முகம் சுளிக்காது. வேகத்துக்காக வார்த்தையைக் கத்தினால்தான் அசிங்கம்.

நீளத்துக்கு வருகிறேன். இரண்டு நிமிடம் என்றால் ஒன்றே முக்கால் நிமிடத்துக்கு வெட்டு. உரைநடையில் ஏறக்குறைய 230 சொல். அறையில் பதற்றத்தில் இடைவெளிகள் நீளும், அதற்குத்தான் அந்தக் கால் நிமிடம். வெட்டுவதை முன்பக்கத்தில் வெட்டு. ஆரம்பத்து விளக்கங்கள் போகலாம், முடிவு போகக் கூடாது. எதிராளியின் வசனத்தை எடுத்த இடத்தில், 'என்ன, நீ போகணுங்கிறியா?' என்று அவர் சொன்னதை நீயே திருப்பிச் சொல்லும்படி ஒட்டுப் போடாதே. அவர் சொன்னது உன் காதில் விழட்டும், அடுத்த வரியைச் சொல். கேட்பது முகத்தில் தெரியும்.

ஆறு வாரமாவது வை. முதல் வாரம் மனப்பாடம் கிடையாது. முழு நாடகத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, ஸ்பீச்சை உன் பேச்சுத் தமிழில் சொல்லிப் பார். 'நான் மோதிரம் எதையும் விட்டுட்டு வரலையே, இந்தம்மா என்ன சொல்றாங்க?' என்று வீட்டில் பேசுகிற மாதிரி. தமிழில் எங்கே தடுக்குகிறதோ அங்கே உனக்கு அர்த்தம் புரியவில்லை. பிறகு ஆங்கிலத்தைத் தட்டையாக, ஏற்ற இறக்கமே இல்லாமல், பாத்திரம் கழுவிக்கொண்டு மனப்பாடம் பண்ணு. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உருப்போடாமல், பத்துப் பத்து நிமிடமாக நாலு தடவை. ராகத்தோடு ஏற்றினால் அந்த ராகம் இறங்கவே இறங்காது. ரீகாலில், அதாவது அடுத்த சுற்றுக்குக் கூப்பிடும்போது, அதுதான் காலை வாரும். நீ முடித்ததும், 'இதையே பக்கத்து அறையில் குழந்தை தூங்கும்போது சொல்வதுபோலச் செய்' என்பார்கள். முதலில் செய்தது தப்பு என்று அர்த்தமில்லை, மாற முடிகிறதா என்று பார்க்கிறார்கள். அதனால் நாலாவது வாரத்திலிருந்து தினமும் வேறு மாதிரி செய்: கிசுகிசுத்து, துணி மடித்துக்கொண்டு, நிறுத்தக்குறிக்கு நிறுத்தக்குறி திசை மாற்றி நடந்து. கடைசியில் சொன்னது ரொம்ப உதவும். வயோலாவின் நினைப்பு எத்தனை தடவை திரும்புகிறது என்று உன் காலே சொல்லிவிடும்.

இங்கே வாடகை அறைகளில் சுவர் அட்டைதான். உரக்கச் சொல்லிப் பார்க்க எல்லோரும் கால்வாய்க் கரைக்கோ பஸ் மாடிக்கோ போகிறார்கள். தனியாகப் பேசிக்கொண்டு போகிறவரை இந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உனக்கு மொட்டை மாடி இருக்கிறது.

முதல் சுற்று பல இடங்களில் செல்ஃப் டேப்தான். அதற்கு வேண்டிய பகல் வெளிச்சம் இங்கே மத்தியானம் மூன்று மணிக்கே கலங்கிவிடும், உனக்கு அந்தக் கவலை இல்லை. ஜன்னலைப் பார்த்து நில், முதுகுப்பக்கம் ஜன்னல் இருந்தால் முகம் கறுத்துவிடும். ஃபோனைப் படுக்கை வாக்கில், புத்தகம் அடுக்கி உன் கண் உயரத்தில் வை, இடுப்புக்கு மேல் தெரிந்தால் போதும். பின்னால் வெறும் சுவர், நாள்காட்டியைக் கழற்றிவிடு. ஃபேனை நிறுத்து. காதுக்குக் கேட்காத காற்று மைக்கில் அருவியாகக் கொட்டும். கத்தினால் ஃபோன் ஒலியை நசுக்கிவிடும், ஆகவே குரலைக் கொஞ்சம் இறக்கு, எண்ணத்தை இறக்காதே. புது ஸ்பீச்சில் எதிராளியை லென்ஸுக்கு ஒரு சாண் தள்ளி வை. வெட்டி ஒட்டாமல் ஒரே டேக். ஒரு நாளைக்கு ஆறு டேக்குக்கு மேல் போகாதே, ஏழாவதிலிருந்து மோசமாகத்தான் ஆகும்.

நேரில் கூப்பிட்டால் அறையில் ஒரு நாற்காலி இருக்கும், அது போதும், பொருள் எதுவும் கொண்டுபோகாதே. காற்றில் ஃபோன் பிடிப்பதும் வேண்டாம். ஆரம்பிக்கும் முன் தலையைத் தொங்கப்போட்டு அரை நிமிடம் நிற்கிறார்கள் சிலர், பார்க்கச் சகிக்காது. ஒரு மூச்சு, ஆரம்பி. மூன்றாவதாக ஒரு ஸ்பீச் கையில் வைத்திரு, கேட்டாலும் கேட்பார்கள். முடிந்ததும் 'லவ்லி, தேங்க்யூ' என்பார்கள். பஸ் டிரைவரிடம், கடைக்காரரிடம், எல்லோரிடமும் இங்கே சொல்வது அதுதான். அதிலிருந்து முடிவைக் குறி பார்க்காதே. பாதியில் நிறுத்தினாலும் நேரம் முடிந்துவிட்டது என்று மட்டுமே அர்த்தம்.

டேப் எடுக்கும் முன் ஒன்று செய். பாட்டியை எதிரில் உட்காரவைத்துப் புது ஸ்பீச்சை அவளிடம் சொல், ஒன்றும் விளக்காதே. முடிந்ததும், நான் உன்னிடம் என்ன கேட்டேன் என்று கேள். ஆங்கிலம் தெரியாமலேயே, 'ஏதோ குடுன்னு கெஞ்சுற' என்றோ 'எங்கயோ போகாதேங்கிற' என்றோ கிட்டத்தட்டச் சொல்லிவிட்டாள் என்றால் எடுக்கலாம். 'என்னமோ கோவமா இருக்கே' என்றாள் என்றால் இன்னும் ஒரு வாரம்.

அவள் என்ன சொன்னாள் என்று மறக்காமல் எழுது. அப்பாவிடம் ஃபோன் ஸ்டாண்ட் வாங்கச் சொல்லாதே, புத்தகம் போதும்.

அன்புடன்,
அக்கா